தொண்ணூத்தி ஒண்ணாவது நாள்

எனக்கு முன்னால எட்டுப் பேரு இருக்காளுவ. பெஞ்சுல அஞ்சு, தரையில மூணு. நான் ஒம்பதாவது. ஒரு ஆளுக்கு ஒரு நிமிசம்கூட ஆவாது. உள்ள போனா ஒரு நாற்காலி, எதிர்த்தாப்புல டிவி, டிவிக்கு மேல கடுகளவு கேமரா. அதைப் பாத்துக் கும்புடணும், பேரைச் சொல்லணும், கோர்ட்டு அம்மா அங்கன இருந்துக்கிட்டு "எதும் சொல்லணுமா"ன்னு கேப்பாவ, "ஒண்ணுமில்லம்மா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துரணும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா இதுதான். ஜெயிலுக்கு வந்த புதுசுல பக்கத்துல படுத்திருந்தவ சொல்லிக் குடுத்தா, என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிரு, வேற எதையும் சொன்னா பின்னால நிக்கவளுக்கு எல்லாம் நேரமாவும், வார்டர் மேடம் மூஞ்சியைத் தூக்கும், சோத்துக்கு வரிசை போயிரும்னு. சரின்னு நானும் அஞ்சு தடவை இந்தப் பெட்டி முன்னால உக்காந்து ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு வந்தேன். முதல் தடவை மட்டும் நேர்ல, போலீசு கூட்டிட்டுப் போயி நிறுத்தினப்ப. அப்பவும் அழுதுக்கிட்டே ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னேன். மனுசிக்கு ஆயிரம் இருக்கும், வாயில வாரது அது ஒண்ணுதான். ஏளா முத்துப்பேச்சி, இன்னைக்கு மட்டும் அந்த வார்த்தையைச் சொன்னே, உன் நாக்கை நானே அறுத்துப் போட்டுருவேன் பாத்துக்கோ.

அம்மா, தொண்ணூறு நாள் முடிஞ்சு போச்சு, குற்றப்பத்திரிகை வரல, எனக்கு ஜாமீன் குடுங்க. இவ்வளவுதான். ரெஜினா சொல்லிக் குடுத்தது இவ்வளவுதான். அவ கோர்ட்டு வாசல்ல டைப்படிச்சவ, வெளியில யாரு யாருக்கோ மனு அடிச்சுக் குடுத்தவ, இப்ப எங்ககூட உள்ள இருக்கா. "அக்கா, போலீசு தொண்ணூறு நாளைக்குள்ள கோர்ட்டுல குற்றப்பத்திரிகைத் தாளைப் போடணும். போடலன்னா உனக்கு ஜாமீன் உண்டு. ஆனா நீ கேட்டாத்தான் உண்டு. நீ கேக்கதுக்கு முன்னால அவங்க தாளைக் கொண்டுபோயிப் போட்டுட்டா, போச்சு, பொறவு வருசக்கணக்கா இங்கதான்." நான் கேட்டேன், வக்கீல் கேக்க மாட்டாரான்னு. சர்க்கார் குடுத்த வக்கீல் ஒருத்தர் ஒரே ஒரு தடவை வந்தாரு, கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு, பொறவு போனைப் போட்டா எடுக்கதே இல்ல. "அப்ப நீதான் கேக்கணும், வாயாலயே கேக்கலாம், அம்மா எழுதிக்கிடணும், அது சட்டம்"னா. சட்டமாம். ஒரு சட்டம் இருக்குன்னு ஒருத்தியும் நமக்குச் சொல்லுததில்ல, அது பாட்டுக்கு எங்கயோ இருக்கும்போல. அம்மா, தொண்ணூறு நாள் முடிஞ்சு போச்சு. குற்றப்பத்திரிகை. இந்த வார்த்தையில நாக்கு சிக்குது. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆயாவா இருக்கையில டீச்சருங்க பேசுத இங்கிலீசே நமக்கு வாயில வந்துரும், இந்தத் தமிழு வரமாட்டேங்கு.

நாளு எண்ணினது அந்த மிசினு. அதுக்கு நான் கும்புடு போடணும், பொய் சொல்லக் கூடாது. பிளாக்கு வாசல்ல நிக்கே, ஆள் உயரத்துக்கு, மேல ஒரு கண்ணாடி. பெருவிரலை வச்சா பேரு வரும், கேசு வரும், உள்ள வந்த தேதி, அடுத்த தேதி, எல்லாம் தமிழ்லயே வரும். முந்தியெல்லாம் ஆபீசுல போயி அய்யா அய்யான்னு நின்னாலும் ஒருத்தரும் சொல்ல மாட்டாவளாம். இப்ப நம்ம விரலு போதும். எனக்குத்தான் விரலு இல்ல. பதினாலு வருசம் சோத்துக் குண்டாவைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேச்ச கை, ரேகை எங்க இருக்கு? வச்சா "மீண்டும் முயற்சிக்கவும்"ங்கும். திருப்பி வச்சா திருப்பியும் முயற்சிக்கவும்ங்கும். மூதி, முயற்சி பண்ணிப் பண்ணித்தானளா இங்க வந்து கிடக்கேன்னு ஒருநாள் அதைத் தட்டிட்டேன், மேடம் சத்தம் போட்டாவ. ரெஜினா தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவி, முந்தானையில தொடச்சு, விரலைச் சரிச்சு வச்சா. வந்துட்டு. முத்துப்பேச்சி, க/பெ பரமசிவன். செத்துப் போன பொறவும் அவரு பேரு என் பேருக்குப் பின்னாலதான் நிக்கு. குற்றப்பத்திரிகை: நிலுவையில். நிலுவைன்னா வரலைன்னு அர்த்தம்னு ரெஜினா சொன்னா. அது முந்தாநாள். நேத்து வந்திருக்குமோ? இன்னைக்குக் காலையில வந்திருக்குமோ? இன்னைக்கு மிசினு வேலை செய்யல, எங்க பிளாக்குல மட்டும் கரண்டு இல்ல. ஒரு போலீசுக்காரரு மோட்டார் சைக்கிள்ல தாளைக் கட்டி எடுத்துக்கிட்டு இப்பக் கோர்ட்டுக்குப் போய்க்கிட்டிருக்காரோ என்னமோ. வழியில டீ குடிக்க நிக்கட்டும். மாரியாத்தா, அவரை ரெண்டு டீ குடிக்க வையி.

ரெண்டு பேரு முடிஞ்சு வந்துட்டாளுவ. சொன்னாளுவளாம், ஒண்ணுமில்லம்மான்னு. இன்னும் ஆறு. இந்த டிவி கோர்ட்டு, வி.சி.ங்காவ, இது வரும் முன்னால வேனுல ஏத்திக் கோர்ட்டுக்குக் கொண்டு போவாங்களாம், பழைய ஆளுங்க கதை கதையாச் சொல்லுதாளுவ. விடிஞ்சதும் ஏத்தினா பொழுது சாயத்தான் திரும்பி வாரது, வழியில ஒண்ணுக்குப் போவ முடியாது, தீட்டுன்னாலும் சொல்ல முடியாது, கோர்ட்டு வாசல்ல ஊருக்காரன் எவனாவது நின்னு பாப்பான். அந்தப் பாடு நமக்கு இல்ல, நல்லதுதான். ஆனா ஒருத்தி சொன்னா, கோர்ட்டுக்குப் போவையில எம் மவன் வேப்பமரத்தடியில நிப்பான், போலீசு பாக்காதப்ப ஒரு பன்னு வாங்கிக் குடுப்பான், தலையைத் தடவிட்டு வருவேன், பெட்டி வந்ததும் அது போச்சுன்னு. பெட்டிக்குள்ள தலையைத் தடவ முடியுமா. முடியாது. ஆனா பெட்டி இல்லன்னா எம் மவளை நான் பாத்திருக்கவே மாட்டேன், அதையும் சொல்லணும். தென்காசிப் பக்கத்துல இருந்து அவளை யாரு இங்க கூட்டிட்டு வருவா? வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிசம் வீடியோவுல வாரா. மாரிச்செல்வி. பன்னெண்டு வயசு. தலைசீவல் கோணலா இருக்கும், நெத்தியில விபூதி. முதல் தடவை அவ மூஞ்சி தெரிஞ்சப்ப நான் அந்தக் கண்ணாடியைப் போயித் தொட்டுட்டேன், மேடம் கையைத் தட்டி விட்டாவ, கறையாவும்னு.

போன செவ்வாக்கிழமை. அதை நினைக்கக் கூடாது, நினைச்சா அந்த மூணு வார்த்தையும் மறந்துரும். குற்றப்பத்திரிகை வரல. ஜாமீன் குடுங்க. போன செவ்வாக்கிழமை, பேச ஆரம்பிக்கும் முன்னால எப்பவும் போல ஒரு பொம்பளக் குரல், இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறதுன்னு சொல்லிச்சு. பொறவு எம் மவ வந்தா. கொழுந்தன் வீடு. மூலையில உக்காந்திருக்கா. எப்பவும் கட்டில்ல உக்காந்துதான் பேசுவா, அன்னைக்குத் தரையில. கோரைப்பாய். பக்கத்துல தனியா ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவளுக்கு முன்னால குறுக்க ஒரு உலக்கை கிடக்கு. உலக்கை! ஏ தாயி, என் தங்கம், பெரிய மனுசி ஆயிட்டியாட்டின்னு வாய் வரைக்கும் வந்துட்டு. பக்கத்துல மேடம் நிக்காவ, கம்ப்யூட்டர் பாக்குத தம்பி உக்காந்திருக்கான், எல்லாம் பதிவாவுது. எதை நான் கேப்பேன்? எம் மவ ஆளான சேதியை ஒரு மிசினுக்குள்ள போட்டு வச்சு, எவனெவனோ கேக்கவா? "சாப்பிட்டியா"ன்னு கேட்டேன். அவ மேல பாத்தா. என்னைப் பாக்கல, மேல, போனுக்கு மேல. பாத்துட்டு, "சாப்பிட்டேன்மா"ன்னா. "பள்ளிக்கூடம் போறியா?" திருப்பியும் மேல பாத்தா. "போறேன்மா." "சித்தி எங்க?" மேல பாத்தா. "வேலைக்கு." அப்பத்தான் எனக்கு உறைச்சுது, போனைப் பிடிச்சிருக்கது யாரு?

அவன்தான். என் கொழுந்தன், உச்சிமாகாளி. ஒருநாளும் மூஞ்சியைக் காட்டினதில்ல, ஆனா வேற யாரு அந்நேரம் வீட்டுல? வயசுக்கு வந்த பிள்ளை பதினாறு நாளு கழியாம ஒதுங்கி உக்காந்திருக்கா, எங்க பக்கத்துல பெத்த அப்பனே அந்த மூலைக்கு எட்டிப் பாக்க மாட்டான், இவன் எதிர்த்தாப்புல போனை நீட்டிக்கிட்டு நிக்கான். நிக்கானா? நான் பாக்கல. கட்டை விரலு ஓரமா ஒரு நேரம் தெரிஞ்சுது, அவ்வளவுதான். ஒரு பெரிய, கருத்த விரலு. அது அவன் விரலுதானா? போனு காட்டுதது முன்னால இருக்கதை மட்டும்தானே, பின்னால இருக்கதை எதுட்டி காட்டும்? எம் மவ எதைச் சொல்லணும்னு எவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுதாளோ அந்த மூஞ்சி எனக்குத் தெரியல. கடைசியில "அம்மா, நான்..."னு ஆரம்பிச்சா. மேல பாத்தா. நிறுத்திட்டா. நேரம் முடிஞ்சுதுன்னு அந்தக் குரல் சொல்லிட்டு, கண்ணாடி கருத்துப் போச்சு. அதுல என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. ஆறு நாளா அந்த "நான்" காதுக்குள்ள நிக்கு. நான் வயசுக்கு வந்துட்டேன்மாவா? நான் இங்க இருக்க மாட்டேன்மாவா? நான் பயந்துட்டேன்மாவா? சவத்து மனசு, நல்லதா ஒண்ணை நினைக்கத் தெரியுதா பாரு. அவன் நல்லவனாவும் இருக்கலாம். சோறு போடுதான்ல. யாரும் இல்லாதப்ப அவன்தானே கூட்டிட்டுப் போனான். அண்ணனைக் கொன்னவ மவள்னு அவளைத் தெருவுல விட்டுறல. ஆனா அண்ணனைக் கொன்னவ மவள்னு நினைச்சுக்கிட்டேதானே சோறு போடுவான்.

கொன்னேனா? இந்த இடத்துக்கு வந்ததும் எப்பவும் இப்படித்தான், கால்ல முள்ளு ஏறினாப்புல நின்னு போவும். மச்சுப்படி. எங்க வீட்டுக்காரவ குடிச்சிருந்தாவ. என் முடி அவுக கையில. நான் தலையை உருவினேன். உருவினேனா, தள்ளினேனா? உருவையில கை போயி நெஞ்சுல பட்டுது, பட்டுதுங்கது தள்ளினது ஆவுமா? அவுக பின்னால சாஞ்சாவ, கீழ துவைக்குத கல்லு. எம் மவ குளிச்சிட்டு வாசல்ல நிக்கா, கையில செம்பு. செம்பு உருண்ட சத்தம் முதல்ல கேட்டுதா, தலை பட்ட சத்தமா? போலீசு கேட்டப்ப தள்ளினேன்னு சொல்லிட்டேன். அழுதுக்கிட்டே அப்படித்தான் வந்துது. பதினஞ்சு வருசம் அவரு தள்ளினதுக்கு எல்லாம் விழுந்தேன்னு சொன்ன வாயி, அன்னைக்கு ஒருநாளு தள்ளினேன்னு சொல்லிட்டு. அதைக் கோர்ட்டு பாத்துக்கிடட்டும். தண்டனை குடுத்தா வாங்கிக்கிடுதேன், நான் ஓடவா போறேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போயி, அந்தப் பிள்ளையைத் தனியா உக்கார வச்சு, "என்ன சொல்ல வந்தே தாயி"ன்னு கேக்கணும். எவனும் போனைப் பிடிக்காம, எதுவும் பதிவாவாம. அதுக்குத்தான் ஜாமீன். வேற ஒரு எழவுக்கும் இல்ல.

"முத்துப்பேச்சி!" வார்டர் கலாவதி மேடம். வாரேன் மேடம். காலு மரத்துப் போச்சு. எனக்குப் பின்னால எங்க பிளாக்கு அந்தோணியம்மா மட்டும்தான் பாக்கி, பெஞ்சுல இருந்தபடியே கண்ணைக் காட்டுதா, சொல்லுட்டின்னு. ரூமுக்குள்ள ஏசி, பல்லு கிட்டுது. நாற்காலி இன்னும் சூடா இருக்கு. டிவியில கோர்ட்டு அம்மா தாளைப் பாத்துக்கிட்டிருக்காவ. சின்ன வயசுதான், கண்ணாடி போட்டிருக்காவ. கும்புட்டேன். "பேரு?" "முத்துப்பேச்சி." "எதும் சொல்லணுமா?" நாக்குல அது வந்துட்டு, ஒண்ணு வரைக்கும் வந்துட்டு, கடிச்சேன், ரத்தம் கரிச்சுது. "சொல்லணும்மா." கோர்ட்டு அம்மா தலையை நிமித்தினாவ. நாடியில கையை வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாவ. நேரா என்னை. சொன்னேன். தொண்ணூறு நாள் முடிஞ்சு போச்சும்மா, குற்றப்பத்திரிகை வரலம்மா, ஜாமீன் குடுங்கம்மா. அவங்க பேசல, அடுத்த ஆளைக் கூப்புடல, அப்படியே கேட்டுக்கிட்டிருக்காவ. என் பொறப்புல ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்ல. அம்மாவைப் பாக்கப் பாக்க எனக்குத் தொண்டை திறந்துட்டு. உலக்கையைச் சொன்னேன். மூலையில உக்காந்திருக்கதைச் சொன்னேன். நீங்களும் பொம்பளதானம்மா, போனைப் பிடிச்சிருக்கது யாருன்னு எனக்குத் தெரியலம்மா, எம் மவ மேல மேல பாக்காம்மான்னு சொல்லி அழுதேன். படியைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன். எல்லாத்தையும் கண்ணு இமைக்காமக் கேட்டாவ, தெய்வம் மாதிரி.

"ஏம்மா, நிறுத்து, நிறுத்து. நெட்டு போயிட்டு"ன்னான் கம்ப்யூட்டர் தம்பி. எனக்கு விளங்கல. "அது படம். அப்பவே நின்னுட்டு. நீ பேசினது ஒண்ணும் போவல." எப்பவே? எந்த வார்த்தையில? அவன் வயரைப் பிடுங்கிச் செருகுதான். நான் அந்த மூஞ்சியையே பாக்கேன். நாடியில கை. இமைக்கல. அட சண்டாளி முத்துப்பேச்சி, யாருகிட்டளா கொட்டின? மேலு எல்லாம் கூசுது, சீலை அவுந்து நின்னாப்புல. கண்ணாடி கருத்துது, வெளுத்துது, கோர்ட்டு அம்மா வேற மாதிரி உக்காந்திருக்காவ, தாளைப் புரட்டிக்கிட்டு. "முத்துப்பேச்சி ஆஜர். பதினஞ்சு நாள். அடுத்து." மேடம் என் தோளைத் தொட்டு எழுப்பிட்டாவ. எந்திரிச்சுட்டேன். பழகின காலு, அது பாட்டுக்கு வாசலைப் பாத்துப் போவுது. அந்தோணியம்மா உள்ள வந்து உக்காந்துட்டா, கும்புட்டுட்டா. பதினஞ்சு நாளு கழிச்சு வரலாம்னு ஒரு மனசு சொல்லுது. அதுக்குள்ள தாளு வந்துரும்னு ஒரு மனசு. "நான்"னு எம் மவ. திரும்பிட்டேன். மேடம் பிடிச்ச கையை உதறிட்டேன், ஆமா, இது உதறினதுதான், தெரிஞ்சேதான் உதறினேன், போயி அந்தோணியம்மா மூஞ்சிக்குப் பக்கத்துல என் மூஞ்சியை நுழைச்சேன். அவ நாற்காலியில பாதியை விட்டுக் குடுத்தா. "அம்மா!"ன்னேன். அந்தச் சத்தம் எனக்கே புதுசா இருந்துது.

"யாரு அது? ரெண்டு பேர் தெரியுறீங்க." "முத்துப்பேச்சிம்மா, இப்ப வந்தவ. தொண்ணூறு நாள் முடிஞ்சு போச்சும்மா. குற்றப்பத்திரிகை வரல. எனக்கு ஜாமீன் குடுங்க." "விட்டு விட்டுக் கேக்குது. திரும்பச் சொல்லுங்க." திரும்பச் சொன்னேன். மேடம் இடுப்புல கையைப் போட்டு இழுக்காவ, நான் மேசையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். ஒரு வார்த்தை சிக்கல. கோர்ட்டு அம்மா பேனாவை எடுத்தாவ. யாரையோ பாத்து, "சார்ஜ் ஷீட் வந்திருக்கா, பாருங்க"ன்னாவ. தாளு புரளுத சத்தம் கேட்டுது. எம்புட்டு நேரமோ. மேடம் இழுக்கதை நிறுத்திட்டாவ, அவங்களும் அந்த டிவியைத்தான் பாக்காவ. "இன்னும் வரலம்மா"ன்னு ஒரு ஆம்பளக் குரல். கோர்ட்டு அம்மா எழுதினாவ. தலை குனிஞ்சு, வரி வரியா எழுதினாவ. எழுதிக்கிட்டே, "மனுவா எடுத்துக்கிறேன். ஜாமீன் குடுத்தா ரெண்டு பேர் உங்களுக்காக வந்து நிக்கணும். வெளியில உங்களுக்கு யாரு இருக்கா?"ன்னு கேட்டாவ. அம்மை அப்பன் இல்ல. கூடப் பொறந்தது இல்ல. கொழுந்தன் பேரு தொண்டைக்கு வந்துது, முழுங்கினேன். அந்தோணியம்மா என் கையைப் பிடிச்சிருக்கா. "சொல்லுங்க, யாரு இருக்கா?"

"எம் மவ இருக்காம்மா"ன்னேன். "பன்னெண்டு வயசு."